பேக்கிங் பவுடர் மீது ஒரு விசாரணை

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிப்பது அவருடைய உத்தியோகம். சந்தேகப்படுவது அவருடைய சுபாவம். இரண்டில் எது முதலில் வந்தது என்பது அவர் மனைவிக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் ‘சாப்பாடு நல்லாருக்கு’ என்று அவர் சொன்னதைவிட ‘இதுல என்ன போட்ட?’ என்று கேட்டதுதான் அதிகம். கடையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பார். தட்டும்போது கடைக்காரரின் முகம் மாறுகிறதா என்றும் பார்ப்பார். பணிமனையில் அவருக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவர் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குணம் துறையோடு நின்றிருந்தால் துறைக்குப் பெருமை. ஒரு நாள் அது மகள் போன பேருந்திலும் ஏறிவிட்டது. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் மகள், தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். எக்ஸ்ரே வழியில் ஏறினார். முறைப்படி எல்லோரிடமும் டிக்கெட் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அவளிடமும் கை நீட்டினார். தோழி வீட்டைத் தாண்டிய ஒரு நிறுத்தத்துக்கு அவள் டிக்கெட் எடுத்திருந்தாள்.

“அங்க யார் இருக்கா?” என்று கேட்டார், பேருந்தே திரும்பிப் பார்க்கிற குரலில்.

மகள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினாள். அந்த வாரமே வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் காலியாகக் கிடந்த அவள் நாற்காலியை எக்ஸ்ரே தினமும் ஒரு பார்வை பார்ப்பார். அதன் மீது மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் அம்மாவுக்குப் போன் வந்தது.

“ஞாயித்துக்கிழமை காலைல வரேன்மா. அப்பா கையால பான்கேக் வேணும். ஆனா அவர் ஒரு கேள்வி கேட்டாலும் எழுந்து போயிடுவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல வரமாட்டேன், சொல்லிடு.”

பான்கேக் அவர்கள் வீட்டில் சந்தேகத்தால் பிறந்த பலகாரம். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தயார் மாவு பாக்கெட் ஒன்றை வாங்கித் தரச் சொல்லி அழுதாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது. அதை அச்சிட்டவன் யார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதனால் மைதா, முட்டை, பால் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கித் தானே கலக்கத் தொடங்கினார்.

அந்த ஞாயிறும் விடிந்ததும் அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மைதாவைச் சலித்தார். சலிப்பதற்கு முன் சல்லடையைச் சோதித்தார். முட்டைகளைத் தண்ணீரில் போட்டார். நிரபராதிகள், அடியில் படுத்துக்கொண்டன. அடுத்து பேக்கிங் பவுடர். வெகுநாள் கிடந்த டப்பா. ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டார். நன்றாக நுரைத்தது. பவுடர் நுரைத்ததா, தண்ணீர் ஏமாற்றுகிறதா? வேறு டம்ளரில் இன்னொரு ஸ்பூன். மேலே இருப்பது நல்லது, சரி. நடுவில்? அடியில்? பேருந்தில் முன் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடைசி சீட்டை விட்டுவிட முடியுமா?

“என்னங்க, டப்பால ஏதாவது மிச்சம் இருக்கா?” என்றாள் மனைவி.

எக்ஸ்ரே டப்பாவைக் கவிழ்த்தார். குற்றமற்றது என்று முழுமையாக நிரூபிக்கப்பட்ட பவுடர் அத்தனையும் டம்ளர்களில் நுரைத்து அடங்கிக்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது.

மகள் உள்ளே வந்தாள். கையில் ஒரு கறுப்புக் குடை. அவள் கைக்குப் பெரிய குடை. ஆண்கள் பிடிக்கிற மாதிரி தடித்த பிடி. வெளியே சுள்ளென்று வெயில்.

எக்ஸ்ரேயின் நாக்கு எழுந்தது. மனைவி கண்ணை உருட்டினாள்.

“மழை வர்ற மாதிரி தெரியல,” என்றார்.

“கேள்வியாப்பா?”

“சேச்சே. சும்மா, வானிலை.”

கல்லில் ஊற்றிய மாவு ஊற்றியபடியே கிடந்தது. திருப்பினார், அந்தப் பக்கமும் எழவில்லை. தட்டில் வைத்ததை மகள் முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தாள்.

“ஏம்ப்பா இவ்ளோ தட்டையா இருக்கு?”

கேள்வித் தடை தனக்கு மட்டும்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“பேக்கிங் பவுடர் நல்லதான்னு பாத்தேன்.”

“நல்லதா இருந்துச்சா?”

“கடைசி ஸ்பூன் வரைக்கும் நல்லா இருந்துச்சு.”

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? கேட்க முடியவில்லை. ஆனால் தட்டு காலியானது.

அவள் போன பிறகு பார்த்தால், குடை கதவோரம் சாய்ந்திருந்தது.

“ஐயோ, மறந்துட்டாளே!” என்றாள் மனைவி.

“மறக்கல. வெச்சுட்டுப் போயிருக்கா. தொடாத!”

ஒரு சோதனையைப் பார்த்ததும் அடையாளம் தெரியாதவரா அவர்? பிடியில் பெயர் இருக்கலாம். கம்பியில் சீட்டு ஏதாவது சொருகியிருக்கலாம். மூன்றடி தள்ளி நின்று பார்த்ததோடு சரி. வாரத்தின் நடுவில் மழை கொட்டியது. எக்ஸ்ரே நனைந்துகொண்டே வேலைக்குப் போய், தும்மிக்கொண்டே திரும்பினார். மனைவி குடையைச் சுற்றிப் பெருக்கினாள்.

அடுத்த ஞாயிறு மகள் மறுபடியும் வந்தாள். நேராகக் குடையிடம் போனாள். குடைத் துணியைச் சுற்றித் தான் கட்டிய பட்டி கட்டியபடியே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், அச்சு அசல் அப்பனைப் போல. இந்தத் தடவை பேக்கிங் பவுடரைத் தன் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். தானே அளந்து போட்டாள். பான்கேக் எழும்பி நின்றது.

கிளம்பும்போது குடையை எடுத்துக்கொண்டாள். படியில் நின்று, “அடுத்த வாரம் நாலு பேருக்குப் பண்ணுங்கப்பா,” என்றாள்.

யார், எவன், என்ன வேலை, எந்த நிறுத்தம் என்று எல்லாக் கேள்விகளும் அவர் தொண்டையில் முண்டியடித்துக்கொண்டு நின்றன. ஒன்றையும் அவர் இறங்க விடவில்லை.

“அப்ப மாவு கொஞ்சம் கூடப் போடணும்,” என்றார்.

மறுநாளே கடைக்குப் போய் பேக்கிங் பவுடர் இரண்டு டப்பா வாங்கிவந்தார். ஒன்று பான்கேக்குக்கு. இன்னொன்று விசாரணைக்கு.