முன்வரிசை இஸ்ரவேல்

மூன்றாவது புளியமுத்தை வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டு, "மோட்டார் போட்டாச்சு" என்று சத்தமாகச் சொன்னார் இஸ்ரவேல். பக்கத்தில் யாரும் இல்லை. செம்பருத்தி நாற்றுகள்தான் வரிசையாக நின்றன. தினமும் காலையில் மனைவி டார்லின் அன்றைய வேலைகளைச் சொல்லச்சொல்ல, வேலைக்கு ஒன்றாகப் புளியமுத்தை எண்ணி வலது பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்தால் முத்து இடது பைக்குப் போகும். மத்தியானத்துக்குள் எப்படியும் ஒன்று மிஞ்சும். உடனே டார்லினுக்குப் போன்.

"ஏட்டி, ஒண்ணு கெடக்கு. என்னதுன்னு தெரியல."

"சிலிண்டர் பதியச் சொன்னேம்லா?"

"அதான பாத்தேன். நாலு நாளா ஒரே முத்து மிஞ்சுதேன்னு."

டார்லின் அரசு உதவி பெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவளுடைய போன் அடித்தால் இப்போதெல்லாம் பிள்ளைகளே, "சாருக்கு முத்து மிஞ்சிட்டு டீச்சர்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இஸ்ரவேலுக்கு நாற்பத்தேழு வயது, நூற்றெட்டு கிலோ எடை. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோள்மேல் உட்கார்ந்திருக்கும். காதுகள் இரண்டும் யாரோ பிசைந்து அப்படியே விட்டுப்போன மாவு மாதிரி கட்டி தட்டிப்போனவை. சேரன்மகாதேவி ரோட்டில், கால்வாய்க் கரையை ஒட்டி, பூச்செடியும் பழக்கன்றும் விற்கும் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். உச்சி வெயில் கண்ணில் பட்டால் மண்டை பிளந்துவிடும் என்பதால் பகல் முழுவதும் பச்சை வலைப் பந்தலுக்குள்ளேயே இருப்பார். "செடிக்கும் எனக்கும் ஒரே டாக்டர்தான். நெழல்" என்பார்.

அந்தக் காதும் கழுத்தும் எப்படி வந்தன என்று ஊரில் பலருக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. பத்தொன்பது வயதில் பாளையங்கோட்டையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவரை, ஆளைப் பார்த்ததும் ரக்பி அணியில் சேர்த்துவிட்டார்கள். ரக்பி என்றால் என்ன என்று கேட்டால் ஒரு உரிக்காத தேங்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பந்து இந்தா, இந்த மாதிரி இருக்கும். தூக்கிக்கிட்டு முன்னால ஓடணும். ஆனா எறியணும்னா பின்னாலதான் எறியணும்."

"இது என்னவே கூறுகெட்ட வெளையாட்டு?"

"பதினஞ்சு வருசம் ஆடுனேன். எனக்கும் அதே சந்தேகம்தான்."

அவர் ஆடியது முன்வரிசையில். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, மாடு மாதிரி முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் முதல் முட்டு வாங்குகிறவன் முன்வரிசைக்காரன். கீழே விழுந்தவன்மேல் நாலு பேர் விழுவார்கள். எவன் முழங்கால் எவன் நெற்றிப்பொட்டில் பட்டது என்று பார்க்க அங்கே நேரம் கிடையாது. முகத்தில் ஒரு வாளித் தண்ணீர், முதுகில் ஒரு தட்டு, மறுபடி ஆட்டம். "தலையில ஞாபகம் இருக்குத அடி ஒம்பது. ஞாபகம் இல்லாத அடிய யாருகிட்டப் போய்க் கேக்க?" என்று சிரிப்பார்.

அந்த அடிகளில் ஒன்று மூக்கின் மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. பிச்சிப்பூச் செடி வாங்க வருகிற பெண்கள், "வாசம் இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். இஸ்ரவேல் பூவைப் பறித்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்து, யோசித்து, "எனக்குத் தெரியாதும்மா, நீயே பாத்துக்கோ" என்று கையில் கொடுப்பார். தெரியாது என்றால் முதலிலேயே சொல்லக்கூடாதா என்று டார்லின் கேட்டாள். "ஒருநா வந்தாலும் வந்துரும். மோந்து பாக்காம விட்டா எப்பிடித் தெரியும்?" என்றார்.

சாயங்காலமானால் நடை சற்றுத் தள்ளாடும். படகில் நிற்கிறவர் மாதிரி காலை அகட்டி வைத்து நடப்பார். ராணுவத்தில் இருந்தவர், மாதாமாதம் கேன்டீன் சரக்கு உண்டு, நடையும் இப்படி. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இஸ்ரவேல் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஒருமுறை சர்ச்சிலிருந்து சபை ஐயர் வீடு தேடிவந்து, குடியின் பிடியில் இருக்கும் ஒரு சகோதரனுக்காக முழங்கால் போட்டு அரைமணி நேரம் ஜெபித்தார். இஸ்ரவேலும் கூடவே கண்ணீர்விட்டு ஜெபித்தார். ஐயர் கிளம்பும்போது, "பாவம், யாருக்காவ ஐயரே?" என்று விசாரித்தார். டார்லின் அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிக்க முடியாத காலமும் ஒன்று இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால். குக்கர் விசில் அடித்தால் தட்டு பறக்கும். டியூப்லைட் போட்டால் கத்துவார். சொல்ல வந்த வார்த்தை கிடைக்காமல் சுவரில் குத்துவார். பிறகு கொல்லைப்புறம் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் வேறு, இந்த ஆள் வேறு என்று டார்லின் அக்காளிடம் போனில் அழுதாள். ஒருநாள் வண்ணார்பேட்டையில் பைக்கை ஓரம் கட்டிவிட்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் நின்றார். யாரோ அவர் போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்லி, டார்லின் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா, ஒன்னையத்தான் நெனச்சேன்" என்று சிரித்தார். ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்திருந்தார்.

நரம்பு டாக்டர் ருக்சானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "எப்பவாவது தலையில அடிபட்டிருக்கா?" என்றார். இஸ்ரவேல் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மூளை பழையபடி ஆகாது, ஆனால் நல்ல தூக்கமும் நிழலும் பழக்கவழக்கமுமாக இருந்தால் இருப்பதை வைத்து நன்றாகவே வாழலாம் என்றார். "ஒண்ணே ஒண்ணு. இனிமே அந்தத் தலையில ஒரு அடி படக்கூடாது." டார்லின் அன்றைக்கே வீட்டு நிலைகளின் மேல்சட்டத்தில் எல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டினாள். ஏணியைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வருத்தத்தைவிட அவளுக்கு நிம்மதிதான் அதிகமாக இருந்தது. இவர் மாறிப்போகவில்லை, இவருக்கு அடிபட்டிருக்கிறது. அடிபட்ட ஆளோடு குடும்பம் நடத்த அவளுக்குத் தெரியும்.

போன பொங்கலுக்கு அறுவடையான வயலில் கபடிப் போட்டி நடந்தது. நடத்தியவர் உரக்கடை சிவசைலம். இஸ்ரவேலும் டார்லினும் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள். அரையிறுதி ஆட்டம், நாலு நிமிடம் பாக்கி, உள்ளூர் அணி இரண்டு புள்ளி பின்னால். உள்ளூரின் உயிர்நாடி முப்பிடாதி, பால்வண்டி ஓட்டுகிறவன். பாடிப் போனவனை நாலு பேர் சேர்ந்து அமுக்கியபோது ஒருவனுடைய முழங்கால் அவன் காதோரத்தில் இறங்கியது. இரண்டு மூச்சு நேரம் அப்படியே கிடந்தான். எழுந்தான். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நிதானமாக நடந்து, எதிரணிக்காரர்கள் நடுவே போய் நின்றுகொண்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

இஸ்ரவேல் சிரிக்கவில்லை. எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

"மிலிட்டரி ஏத்திக்கிட்டு வந்துட்டாருடே" என்று பின்னால் ஒரு குரல். டார்லினுக்குக் கேட்டது.

முப்பிடாதியின் இரண்டு தோளையும் பிடித்து இஸ்ரவேல் கேட்டார். "தம்பி, இப்ப யாரு கூட ஆடுதோம்?"

அவன் சற்று யோசித்து, போன வாரம் தோற்கடித்த கோபாலசமுத்திரத்து அணியின் பெயரைச் சொன்னான்.

"இவன் ஆடமாட்டான்" என்றார் இஸ்ரவேல்.

சிவசைலம் மைக்கைப் பிடுங்கினார். "அண்ணாச்சி, மரியாதையா சொல்லுதேன், மைதானத்த விட்டு வெளிய வாங்க."

இஸ்ரவேல் முப்பிடாதியைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து அவர் கையைப் பிடித்துப் பைய இழுத்துப் பார்த்தார்கள். பிறகு நாலு பேர் தள்ளினார்கள். அப்போதுதான் அவர் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகைப் பலகை மாதிரி நேராக்கினார். பத்து வருடத்துக்கும் மேலாக எங்கேயோ உறங்கிக்கிடந்த உடம்பு சட்டென்று விழித்துக்கொண்டது. எதிரணியிலிருந்தும் ஆள் வந்தது. தள்ளுகிறவர்களின் கால்கள் புழுதியில் சறுக்கினவே தவிர, அவர் கால் அரை அடி பெயரவில்லை. வர்ணனை செய்கிற பையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆறு பேரு... ஏழாவது ஆளும் வந்தாச்சு... மிலிட்டரி அசையல, அசையவே இல்ல..." கூட்டம் யார் பக்கம் என்று இல்லாமல் விசிலடித்தது.

டார்லின் பார்த்தது வேறு. ஏழு பேருடைய முழங்கைகளும் மண்டைகளும் அவர் பொட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இடித்துக்கொண்டிருந்தன. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். தள்ளுகிறவர்களில் மூன்று பேர் அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள்.

"எஸ். சாய்ராம்! கைய எடு. சதாம், நீயுமா? பெனோ, ஒங்க அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்."

மூன்று ஜோடிக் கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. மற்ற நாலு பேருக்கும் தள்ளுவதற்கு மனம் வரவில்லை.

அந்த அமைதியில் முப்பிடாதி, "அண்ணாச்சி, ஆட்டம் எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தான்.

சிவசைலத்தின் காரில்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாற்றாளை இறக்கி ஆடி, உள்ளூர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. இரண்டு நாளைக்கு நாற்றுப்பண்ணைப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. மூன்றாம் நாள் முப்பிடாதியின் தாயார் வந்து சொன்னாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் எழுந்து நின்றால் கிறக்கம், வெளிச்சம் ஆகவில்லை. அன்றைக்கே மறுபடி ஆடி இன்னொரு அடி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அடுத்த மூன்று வாரம் முப்பிடாதி பகலெல்லாம் பச்சை வலைக்குள் கட்டில் போட்டுக் கிடந்தான். இஸ்ரவேலுக்குப் பேச ஆள் கிடைத்தது. ஒரே கதையை நாலு தடவை சொன்னார். முப்பிடாதிக்கும் ஞாபகம் தங்காததால் நாலு தடவையும் சந்தோஷமாகக் கேட்டான். மாசிக்குள் தலை தெளிந்து, பால்வண்டிக்குத் திரும்பிவிட்டான்.

ஒருநாள் சிவசைலம் வந்தார். எலுமிச்சங்கன்று இரண்டு வேண்டும் என்றார். கன்றைப் பார்க்காமல் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஒம்ம நடையப் பாத்து நானும் அப்பிடித்தான் நெனச்சேன் வே. மனசுல வச்சுக்கிடாதீரும்."

"எத மனசுல வைக்க? என்ன நெனச்சீரு?"

அது மன்னிப்பா மறதியா என்று சிவசைலத்துக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். இனி எல்லாப் போட்டிக்கும் கோட்டோரம் இஸ்ரவேலுக்கு ஒரு நாற்காலி. தலையில் அடிபட்டவனை அவர் போய்ப் பார்ப்பார். அவர் வெளியே என்றால் வெளியே, எதிர்ப்பேச்சு கிடையாது.

இஸ்ரவேல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "டார்லினும் வரணும். எனக்கு நேர் எதுக்க அவளுக்கு ஒரு நாற்காலி போடணும்."

"இந்த வயசுலயும் பிரிஞ்சி இருக்க முடியலயோ?" என்று கேலி செய்துவிட்டுப் போனார் சிவசைலம். கன்றுகளை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆனி மாதம் முதல் போட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காற்றில் புழுதி. இரண்டாவது ஆட்டத்தில் பத்தமடை அணிக்காரன் ஒருவன் பின்மண்டை தரையில் மோத விழுந்து, உடனே துள்ளி எழுந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினான். இஸ்ரவேல் விசில் ஊதி உள்ளே போனார். அவன் தோளைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன கெழம தம்பி?"

"சனிக்கெழம" என்றான் அவன், தயங்காமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இஸ்ரவேல் மெதுவாகத் தலையாட்டினார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு அவன் தோளை விடாமலே, எதிர்ப்பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மடியில் குடையோடு உட்கார்ந்திருந்த டார்லின், யாருக்கும் தெரியாத அளவில், இடமும் வலமுமாக ஒருமுறை தலையை அசைத்தாள்.

இஸ்ரவேல் அந்தப் பையனின் தோளில் கையைப் போட்டு, கோட்டுக்கு வெளியே நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார்.