இரண்டாவது கேமராவில் சத்தமில்லை

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் கேமராவோடு போவது சுப்பிரமணி. எடுத்து வந்ததைக் கம்ப்யூட்டரில் தொகுத்துக் கொடுப்பது அவன் மனைவி ரஞ்சிதம். மலையில் பாதிப் பேருக்கு அவனைத்தான் தெரியும். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பந்தல் கூட்டமும் ஓமப் புகையும் அவளுக்கு ஆகாது. முன்னறையில் கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், கைக்கெட்டும் தூரத்தில் வறுத்த வேர்க்கடலை. இவ்வளவு இருந்தால் பொழுது போவதே தெரியாது.

அவள் தொழில் கற்றது மலைக்குக் கீழே, ஒடுகத்தூரில், ஜோஹரா நடத்திய ஸ்டுடியோவில். சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. கம்ப்யூட்டரில் ஃபைல்கள் கன்னாபின்னாவென்று கிடக்கின்றனவே என்று, பாதி வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கல்யாணத்தின் வீடியோக்களையெல்லாம் அழகாக வேறு ஃபோல்டரில் அடுக்கிவைத்தாள். மறுநாள் தொகுப்பைத் திறந்தால் திரை முழுக்க ஒரே சிவப்பு. ஒரு படமும் இல்லை. யாருடைய கல்யாணத்தையோ அழித்துவிட்டோம் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஜோஹரா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எதுவும் போவல. நீ எடத்த மாத்திட்ட, அது பழைய எடத்துலயே தேடிக்கினு கீது. புது எடத்தக் காட்டு, வந்துடும்."

காட்டினாள். மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். கேமராக்களின் மெமரி கார்டுகள் கைக்கு வந்ததும் முதலில் அந்தக் கல்யாணத்துக்கென்று ஒரு ஃபோல்டர் போடுவாள். அதற்குள் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி இடம், சத்தத்துக்குத் தனி இடம். வேலையைத் தொடங்கிவிட்டால் எதையும் நகர்த்தமாட்டாள். வீட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்துத் திருப்தி என்று சொல்லும்வரை ஒரு துண்டைக்கூட அழிக்கமாட்டாள். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று சுப்பிரமணி முணுமுணுப்பான். முணுமுணுத்துக்கொண்டே புதிது வாங்கி வருவான்.

ரமேஷ்–அருணா கல்யாணம் அப்படித்தான் அவளிடம் வந்தது. வரும்போதே ஒரு மனஸ்தாபமும் கூட வந்தது. மாப்பிள்ளையை வளர்த்தவர் அவனுடைய பெரியப்பா கோவிந்தன். புளியமரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். பெண்ணின் அண்ணன் தேவராஜ் பந்தலில் வைத்துத் தன்னை நொண்டி என்று சொன்னான் என்று, இலையில் உட்காராமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று தேவராஜ் சத்தியம் செய்தான். என் காதாரக் கேட்டேன் என்றார் இவர். மறுவீட்டு விருந்து நின்றுபோனது. அருணா தாய்வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

பந்தல்காலில் கட்டியிருந்த சின்ன ரெக்கார்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வரும்போது ரஞ்சிதத்தின் கை நின்றுவிட்டது. தேவராஜின் குரலேதான்.

"யார்ரா இந்த நொண்டிய இங்க வுட்டது? ஓரமா தள்ளு."

சொல்லித்தான் இருக்கிறான். அருணாவுக்கு இது தெரிந்தால் என்னாகும்? சுப்பிரமணியிடம் சொன்னாள். ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு, அந்த இடத்தை வெட்டிப் போடு என்றான். வெட்டுவதற்குமுன் படத்தையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் கேமரா அந்த நேரம் மணமக்களின் முகத்திலேயே நின்றிருந்தது. பந்தலைச் சுற்றிக் காட்டியது இரண்டாவது கேமரா. அதில் மைக்கைப் போட மறந்திருந்தார்கள்; வெறும் ஊமைப்படம். சத்தத்தையும் படத்தையும் எதை வைத்துப் பொருத்துவது? தேடித் தேடி, ஒருவர் தேங்காய் உடைக்கும் இடத்தைப் பிடித்தாள். கல்லில் தேங்காய் படும் படத்தையும் படாரென்ற ஓசையையும் நேருக்கு நேர் நிறுத்தி ஓடவிட்டாள்.

தேவராஜ் வாயசைத்தான். வார்த்தை சரியாக வந்து உட்கார்ந்தது. அவன் கை நீண்ட இடத்தில், மணப்பெண்மேல் சாய்ந்து விழப்போன ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அதன் அடிக்கால் உடைந்திருந்தது; முட்டுக்கு ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் கோவிந்தன் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

தனியாக இருந்த அறையில் ரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தாள்.

சாயங்காலமே கோவிந்தனைக் கூப்பிட்டனுப்பினாள். முதலில் வர மறுத்தார். "ஒருவாட்டி வந்து பாருங்க மாமா. பாத்துட்டு இன்னா வேணா சொல்லுங்க" என்று போனில் கெஞ்சிய பிறகு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அது நம்ம வூட்டு ஃபேனும்மா" என்றார். "புகையா கீதேன்னு நாந்தான் தூக்கியாந்து வெச்சேன்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ரஞ்சிதம் பயந்தாள். சிரிப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தேவராஜுக்குப் போடச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

"தம்பி, நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். ஞாயித்துக்கெழம புள்ளைங்கள இட்டுக்கினு வர்றோம். கறிய மட்டும் நல்லா வேக வையி."

அந்தப் பக்கம் தேவராஜுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வாங்க வாங்க என்று மட்டும் கேட்டது. இந்தத் துண்டு படத்தில் வரவேண்டாம், ஊர் சிரிக்கும் என்று கேட்டுக்கொண்டு கோவிந்தன் கிளம்பினார். சரி மாமா என்றாள் ரஞ்சிதம்.

ஞாயிறன்று தேவராஜ் வீட்டு விருந்துக்கு ரஞ்சிதத்தையும் சுப்பிரமணியையும் கூப்பிட்டிருந்தார்கள். சுப்பிரமணி கேமராவை எடுத்துப் போகவில்லை. அருணா தன் அம்மாவின் தோளைவிட்டு விலகவே இல்லை. பந்தியில் தேவராஜ் கறிப் பாத்திரத்தோடு வந்தபோது, கோவிந்தன் தன் இலையைக் கையால் மறைத்து எதிர்வரிசையைக் காட்டினார்.

"எனக்குப் போதும். மொதல்ல ரஞ்சிதத்துக்கு வை."

ஏனென்று தேவராஜ் கேட்கவில்லை; இரண்டு கரண்டி வைத்தான். மலைக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது. சாமைச் சோற்றில் ஆவி பறந்தது. அவள் நிதானமாக, வயிறாரச் சாப்பிட்டாள்.