கண்மாய் நத்தை என்று சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓர் ஆண்டு நிறைந்துவிட்டது என்று இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. எனக்கு இன்னும் அது அச்சுப் பிழை போலத்தான் தெரிகிறது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு அழகர்மலைப் பக்கம் பாறை பார்க்கப் போனவர், திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்திருக்கிறார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். இறங்கும் இடம் வந்ததும் எழுப்பினார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தறியாத மனிதர். செய்தி கொண்டுவந்தவரிடம், ஆள் மாறி வந்து சொல்கிறீர்கள் என்று நான் சண்டை பிடித்தேன்.

அண்ணன் பிறந்தது சமயநல்லூரில். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த எங்கள் அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மாவின் தையல் மிஷினும் அண்ணன் எடுத்த டியூஷனும்தான் எங்களைக் கரை சேர்த்தன. அவர் நிலவியல் படிக்கப் போனபோது, கல்லைப் பார்க்க ஒரு படிப்பா என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அதே படிப்புதான் அவரை மதுரையில் கல்லூரி விரிவுரையாளர் ஆக்கியது. எனக்கு மாப்பிள்ளையும் பிடித்துக் கொடுத்தது.

அது நடந்தது எழுபதுகளின் நடுவில். பாறை உடைக்கும் சுத்தியல் வாங்கக் காளவாசலில் ஓர் இரும்புக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரரும் நம் சபைக்காரர். பேச்சு எப்படியோ நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்குப் போய்விட்டது. மலை உச்சியில் சிப்பி கிடக்கிறதே, வெள்ளம் ஏறாமல் அது எப்படி வந்தது என்று கடைக்காரர் மடக்க, அந்த மலையே ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்து மேலே எழும்பியது என்று அண்ணன் சொல்ல, கடைக்கு வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். அண்ணன் சுத்தியலை வாங்க மறந்து வீட்டுக்கு வந்து, தங்கைக்கு வரன் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அந்தக் கடைக்காரர்தான் என் கணவர்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில்தான் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சாப்பாடு. கறிக்குழம்போடு பிரளயமும் வந்துவிடும். பூமி முழுவதும் மூழ்கியது என்பார் இவர். பெரிய ஆற்றுச் சமவெளி ஒன்று மூழ்கியிருக்கலாம், அல்லது பனி உருகிக் கடல் ஏறியிருக்கலாம், அங்கே இருந்தவர்களுக்கு அதுதானே பூமி முழுவதும் என்பார் அண்ணன்.

“மலை வளருமா மச்சான்? கேக்குறவன் கேனையனா?” என்று இவர் ஒருமுறை கேட்டார்.

“ஒம் மகன் வளர்றது தினம் ஒனக்குத் தெரியுதா மாப்ள?” என்றார் அண்ணன். அண்ணிக்கும் எனக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது, சமயநல்லூர் ஆலய வளாகத்தில் கிணறு வெட்டினார்கள். சபைக் கமிட்டிச் செயலாளரான என் கணவர்தான் வெயிலில் நின்று வேலையைப் பார்த்தார். ஆளுயரம் தோண்டியதும் கருங்களிமண்ணும், அதற்குள் கூடை கூடையாகச் சிப்பி போன்ற ஓடுகளும் வந்தன. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அவற்றைக் கழுவி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, ‘ஜலப்பிரளயத்தின் சாட்சி’ என்று எழுதி ஆலயத்தில் வைத்தார். அறுவடைப் பண்டிகையன்று அதைப் பற்றிப் பேச அண்ணனையே அழைத்தார். சபை முன்னால் மச்சான் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பினார். அண்ணனைத் தெரிந்த எவரும் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

அண்ணன் ஓடு ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு, “இது கடல் சிப்பி இல்ல. கண்மாய் நத்தை. இந்த எடம் முன்னாடி கண்மாயா இருந்திருக்கு, அம்புட்டுத்தான்” என்றார்.

அப்படியானால் வேதம் பொய்யா என்று ஒரு பெரியவர் எழுந்தார். தான் நத்தையைப் பற்றி மட்டுமே சொன்னதாக அண்ணன் பதில் சொன்னார். யார் காதில் விழுந்தது? என் கணவர் பெட்டியை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு, அண்ணன் சபைப் பிள்ளைகளுக்கு நடத்திவந்த ஓய்வுநாள் பள்ளி வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை முறையிடாமல் ஞாயிறு தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. கூடப் பிறந்தவருக்கும் கட்டியவருக்கும் நடுவில் நான் வாயிருந்தும் ஊமையாக இருந்தேன். எப்படியும் ஒருநாள் சேர்ந்துவிடுவார்கள் என்று இருந்தேன். அந்த ஒருநாளுக்கு முன்னால் அந்த பஸ் வந்துவிட்டது.

ஆலயத்துக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு இடம் கொடுக்கச் செயலாளரான இவருடைய சம்மதம் வேண்டும். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுப்பார்களா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. என் கணவர் நேரே போய், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று வெட்டச் சொன்னார்.

சவப்பெட்டியை இறக்கும்போதுதான் பார்த்தோம். குழியோரம் குவிந்திருந்த கருமண் முழுக்க அதே ஓடுகள். பண்டிகையன்று எழுந்த அதே பெரியவர், ஜலப்பிரளயம் இங்கேயும் சாட்சி காட்டுகிறது என்று தழுதழுத்தார். போதகர் ஜெபித்து முடித்ததும் முதல் பிடி மண் போட வேண்டியவர்களில் ஒருவராக என் கணவர் குனிந்தார். கைமண்ணில் ஓர் ஓடு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்மாய் நத்தைண்ணே,” என்றார் பெரியவரிடம். “எங்க மச்சான் சொல்லிருக்காரு.”

மண்ணைப் போட்டுவிட்டு, சபை முன்னால் வாய்விட்டு அழுதார். கல்யாணமான நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் போன அதிர்ச்சியே ஆறாத எனக்கு, அது இன்னோர் அதிர்ச்சி.

பஸ்ஸிலிருந்து அண்ணனைத் தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய மாணவப் பிள்ளைகளுக்கும், அண்ணியோடு வந்து தங்கிய அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கும், ஜெபத்தில் தாங்கிய போதகருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. என் கணவருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.

பூமி முழுவதும் மூழ்கியது என்றே அவர் இன்றைக்கும் நம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்ததும் எப்போதும்போல ஆரம்பிப்பார். “மலை வளருமா?” என்று கேட்டுவிட்டு, எதிரில் இருக்கும் நாற்காலியைப் பார்ப்பார். பிறகு சோற்றைப் பிசைய ஆரம்பிப்பார்.