ஓடைமேல் பாதியில் நின்ற தடம்

எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள் மார்லிஸ். ஜூனில் பள்ளி மூடியதும் அவள் கால் வீட்டில் தங்காது. மலைக்கணவாய் வரை ஓடித் திரும்புவாள். கீழே புல் முளைத்துவிட்டாலும் மேலே பனி அப்படியே கிடக்கும். காலையில் அது இறுகியிருக்கும்போதே ஏறி, வெயிலில் கூழாகுமுன் இறங்கிவிட வேண்டும். அவள் கணவன் ராய்ஸ் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். "குளிர் முழுக்க நான் பனியைத் தள்ளிவிடுறேன், நீ அதைத் தேடிக்கிட்டு மேல ஓடுற" என்று சீண்டுவான்.

அந்த வருடத்து முதல் ஓட்டத்துக்குத் தனியாகப் போனாள். பாதை தொடங்குமிடத்தில் வேறு வண்டி இல்லை. ஆனால் மரங்கள் முடிந்து பனி தொடங்கிய இடத்தில் யாரோ ஓடிப்போன தடம் இருந்தது. காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள் குத்திய பொத்தல்கள்கூடப் புதிதாக இருந்தன. துணைக்கு ஆள் இருக்கிறது என்று முதலில் மகிழ்ந்தாளாம். அந்தத் தடத்தின் மேலேயே கால் வைத்து ஓடினாள். அளவு பொருந்தியது. அடிகளுக்கு இடையிலான தூரமும் பொருந்தியது. எப்போதோ முறிந்து கூடிய அவளுடைய இடது பாதம் சற்று வெளியே திரும்பி விழும். அந்தத் தடத்திலும் இடது பாதம் அப்படித்தான் விழுந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

ஓடையைப் பனி மூடியிருந்த இடத்தில் தடம் அதன்மேல் போய், பாதியில் நின்றுவிட்டது. திரும்பி வந்த தடமும் இல்லை, பனியில் ஓட்டையும் இல்லை. அடியில் தண்ணீர், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் கேட்டது. பனிமேல் வைத்த காலை மெல்ல எடுத்தாள். சுற்றிப் போகலாம் என்று பக்கத்துப் பாறைகளில் கையூன்றி ஏறும்போது பின்னால் தொம்மென்று சத்தம். பனிக்கூரை உள்ளே விழுந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது.

அவள் சொன்னதைக் கேட்டு ராய்ஸ் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்து வந்தான். அவன் திரும்பி வந்தபோது நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"ஒரே ஆளோட தடம்தான் இருக்கு. அது உன்னோடது, மார்லிஸ்."

"நான் அது மேலயே மிதிச்சுத்தானே ஓடினேன்."

"அப்ப உனக்கு முன்னால ஓடினவரு யாரு?"

அவள் மீட்புக்குழுவைக் கூப்பிட்டாள். அவர்கள் ஓடையோடு ஏரிவரை தேடினார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரையும் காணோம் என்று யாரும் சொல்லவுமில்லை.

மறுவாரமே அவள் மலைக்குப் போனாள். ஓட்டமென்றாலே ஆகாத ராய்ஸ், மூச்சு வாங்க அவளுக்குப் பின்னால் போனான்.