பால்பாண்டியின் இடது பக்கம்

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஆட்களின் முகத்தைவிட அவர்களுடைய வண்டிதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். பால்பாண்டியும் அப்படித்தான் பழக்கம். அவருடைய வண்டிக்குப் பன்னிரண்டு வயது. வலது பக்கம் பளிச்சென்று இருக்கும். இடது பக்கத்தைப் பார்த்தால் நாய் கடித்துப் போட்ட செருப்பு மாதிரி. கண்ணாடி கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, கால் வைக்கிற கம்பி வளைந்து கிடக்கும்.

காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும். கிரானைட் குவாரியில் வேலை பார்த்தபோது தெறித்த கல்சில்லு ஒன்று அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு ஒரு வருடம் மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாராம். மனைவி மலையம்மாள்தான் ஒருநாள் காலையில் வண்டிச் சாவியை எடுத்துக் கையில் திணித்தாள்.

"நீங்க வலது பக்கம் பாருங்க. இடது பக்கத்த நான் பாத்துக்கிறேன். எந்திரிங்க மொதல்ல."

அன்றிலிருந்து எங்கே போனாலும் இரண்டு பேரும்தான். இடது பக்கம் வண்டியோ மாடோ குழியோ வந்தால், பின்னாலிருந்து அவருடைய இடது தோளில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் கவனம். இரண்டு தட்டு என்றால் வலது பக்கம் ஒதுங்கு. சட்டையைப் பிடித்து இழுத்தால் நிறுத்து. "பொண்டாட்டி மத்தளம் வாசிச்சாத்தான் ஒமக்கு வண்டி ஓடுமோ" என்று எத்தனையோ தடவை நானே கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார்.

ஆனால் இந்த வருடம் ஆடியிலிருந்து ஐப்பசிக்குள் மூன்று முறை அந்த வண்டி இடது பக்கம் உரசிக்கொண்டு வந்தது. நிமிர்த்திக் கொடுத்தேன், கூலி வாங்கினேன். ஏன் என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஐப்பசியில் அவர்களுடைய மகள் பவதாரிணி வீட்டில் பால் காய்ச்சு. மேலூருக்கு அந்தப் பக்கம் புதுவீடு கட்டியிருந்தாள். மெயின்ரோட்டில் போனால் அரைமணி நேரம். ஆனால் பால்பாண்டிக்கு லைசென்ஸ் காலாவதியாகி நாலு வருடம். புதுப்பிக்கப் போனால் கண்ணைப் பார்ப்பார்கள், அதனால் போகவேயில்லை. தீபாவளி நேரம், மெயின்ரோட்டில் போலீஸ் நிற்குமே என்ற பயத்தில் குவாரிப் பாதையில் போயிருக்கிறார். தான் வேலை பார்த்த இடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்ற தைரியம்.

அந்தப் பாதையை நான் பார்த்திருக்கிறேன். மலையைச் சதுரம் சதுரமாக அறுத்து எடுத்துவிட்டுப் போட்டது போட்டபடி மூடிவிட்ட குவாரிகள். செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். ஆழம் எவ்வளவு என்று யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. இப்படி இரண்டு பள்ளங்களுக்கு நடுவே முன்பு லாரி போன மண்பாதை ஒன்று கிடக்கிறது. வேலி கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த இடத்தில் ஆட்டைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப்போவார்கள்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. நல்ல வெயில். விருந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் கிளம்பும்போதுதான் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. "இருந்துட்டுக் காலைல போங்கப்பா" என்று மகள் சொல்லியிருக்கிறாள். பால்பாண்டி கேட்கவில்லை. குவாரிக்கு வருமுன்பே புழுதிக்காற்று ஆளைத் தள்ளியது. அடுக்கி வைத்திருந்த கற்களின் மறைவில் ஒதுங்கி நின்றார்கள். பத்து நிமிடத்தில் காற்று நின்று சுள்ளென்று வெயில் அடித்தது. சரி, விட்டது என்று வண்டியை எடுத்தார். நடுப்பாதைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. முன்னால் நாலு அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பாதையும் தண்ணீர், பள்ளமும் தண்ணீர். நிறுத்தலாம் என்றால் கால் ஊன்றுகிற இடம் மண்ணா வெறும் காற்றா என்று தெரியாது. பால்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரில் உருட்டினார். இடது தோளில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கினார். இரண்டு தட்டு. இன்னும் ஒதுங்கினார். மறுபடி இரண்டு தட்டு, பிறகு நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். தோளை இறுக்கிக்கொண்டு இன்னும் வலது பக்கம் திருப்பினார். அப்போதுதான் அவருடைய ஒற்றைக் கண்ணுக்கு, முன்சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மண் சரிந்து கீழே விழுவது தெரிந்தது.

பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் வழுக்கி நின்றது.

"இறங்கு! இந்தப் பக்கம் வேணாம், இடது பக்கமா இறங்கு!"

அவள் இறங்கினாள். நிலம் உறுதியாக இருந்தது. அவரும் இறங்கிக் கழுத்தை முழுக்கத் திருப்பி இடது பக்கத்தைப் பார்த்தார். பாதை அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற அளவுக்கு விரிந்து கிடந்தது. பள்ளம் எங்கேயோ இருந்தது.

மழை சட்டென்று விட்டது. வெயிலும் வந்துவிட்டது.

"ஏ மலையம்மா, எதுக்குத் தட்டுன? இம்புட்டு எடம் கெடக்குல்ல?"

அவள் கையால் துழாவி வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தா, எதுக்க எத்தனை பனை நிக்குது? சொல்லு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள். "மூணு" என்றாள்.

அங்கே நின்றது ஒரே ஒரு மொட்டைப் பனை.

"ஆடி மாசத்துல இருந்தே பொக அடிச்ச மாதிரித்தான் தெரியுது" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். "சொன்னா நீங்க வண்டியத் தொட மாட்டீக. மறுபடி போயி செவுத்தப் பாத்துப் படுத்துருவீகன்னு பயந்துட்டேங்க."

"அப்பறம் எப்படித் தட்டுன? இத்தன மாசமா எதப் பாத்துத் தட்டுன?"

"ஒங்க தோள வச்சுத்தான். பள்ளம் மேடு வந்தா ஒங்க தோளு கல்லு மாதிரி எறுகும். அது எறுகுனா தட்டுவேன்."

பால்பாண்டி இதை என்னிடம் சொல்லும்போது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவள் தட்டினால் இவர் பயந்து தோளை இறுக்கியிருக்கிறார். இவர் தோள் இறுகியதால் அவள் தட்டியிருக்கிறாள். நாலு மாதம், லாரியும் பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில், இடது பக்கத்தை யாருமே பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வண்டியை உருட்டிக்கொண்டே என் கடைக்கு வந்து நிறுத்திவிட்டுத்தான் இதையெல்லாம் சொன்னார். அன்று குவாரியிலிருந்து தார்ரோடு வரைக்கும் அவளைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டு, திரும்பப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். அவளுக்குக் கண்புரை, புதன்கிழமை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பார்வை நன்றாக வந்துவிடுமாம்.

"அப்பறமென்ன, அடுத்த மாசமே ரெண்டு பேரும் கெளம்பிரலாம்ல" என்றேன். தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன்.

சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"வித்துருங்கண்ணே" என்றார். "நானாச்சும் அவ பாக்குறான்னு நம்பி ஓட்டுனேன். அவளுக்குத் தெரியும்ணே, யாரும் பாக்கலைன்னு. தெரிஞ்சே தெனமும் பின்னால ஏறி உக்காந்து வந்திருக்கா."