இரண்டாவது குரல்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா?

இந்த இடத்தில் பாகற்காய்த் தொக்கு செய்முறை போட்டிருந்தார்கள். 'எங்கே அந்த ஆள்?' என்று கேட்டு ஆசிரியர் ஆபீசுக்கு ஒரு போன்கூட வரவில்லையாம். தொக்குக்கு வெல்லம் அவசியமா என்று கேட்டு மட்டும் வந்ததாம். சரி, விடுங்கள். பாகற்காய்க்கு இருக்கும் மவுசு எழுதுகிறவனுக்கு இல்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தேன். அதற்காக வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

என் மகன் சதீஷ் டொரான்டோவில் இருக்கிறான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 'ஒரு தடவை வந்து பாருங்க' என்று அவன் சொல்லி, நானும் என் மனைவி செல்வியும் பாஸ்போர்ட்கூட எடுத்தோம். இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனோம். அவள் முந்திக்கொண்டாள், கண்ணை மூடிவிட்டாள். இப்போது கள்ளக்குறிச்சி வீட்டில் நானும் ஒரு மிக்சியும்தான். மிக்சியாவது அவ்வப்போது சத்தம் போடும்.

இந்தத் தடவை வந்தபோது சதீஷ் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான்.

"போர் அடிச்சா இதுகிட்ட பேசுங்கப்பா. தமிழ்லயே பேசும். எப்பக் கூப்பிட்டாலும் பதில் சொல்லும்."

பேசினேன். சாமைச் சோறு குழையாமல் வடிப்பது எப்படி என்று கேட்டேன், சொன்னது. முட்டி வலிக்குக் கேட்டேன், டாக்டரைப் பார்க்கச் சொன்னது. ஒரு நாள் சாயங்காலம், சும்மா, 'செல்வி ஞாபகமாக இருக்கிறது' என்று அடித்தேன்.

'உங்கள் வருத்தம் புரிகிறது. அவரைப் பற்றி மேலும் சொல்கிறீர்களா?' என்றது.

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை, இதே ஊரில், வேறொரு மெஷின் என்னிடம் கேட்டிருக்கிறது!

அது எண்பதுகளில், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த சமயம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, இங்கே விடுதியில் தங்கி, சிமென்ட் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் மலையிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். என் பெயரை யாரும் சொன்னதாக நினைவில்லை. 'மலை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வாத்தியார் ஞானசேகரன் சார் சென்னையில் படித்தவர். பாடத்தை விட்டுவிட்டுக் கதை சொல்லப் போய்விடுவார். ஐம்பதுகளில் அமெரிக்காவில் சில மேதைகள் கூடினார்களாம். ஒரு கோடைக்காலம் சேர்ந்து உட்கார்ந்தால் சிந்திக்கிற மெஷினுக்குப் பாதி வழி போய்விடலாம் என்று நினைத்தார்களாம். ஒரு கோடை! நம் ஊரில் ஒரு கோடையில் தாலுகா ஆபீஸில் பெயர்கூட மாற்ற முடியாது.

"அறிவுன்னா இன்னாங்க சார்?" என்று களமருதூர் முருகவேல் கேட்டான். என் பெஞ்சுக்காரன். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைவிக்கிற குடும்பம்.

சார் யோசித்தார். "முன்னாடி கணக்கு போடறதுதான் அறிவுன்னாங்க. மெஷின் போட்டுது. 'அது வெறும் கூட்டல் கழித்தல்'னுட்டாங்க. அப்புறம் செஸ்ஸுன்னாங்க. அதையும் ஆடுது. 'சாம்பியனை ஜெயிக்கட்டும் பார்க்கலாம்'ங்கறாங்க."

பிற்பாடு சாம்பியனையும் ஜெயித்தது. அப்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? 'அது வெறும் வேகம்.'

எனக்கு இதில் ஆச்சரியமே வரவில்லை. எனக்கு நடந்துகொண்டிருந்ததும் அதேதான். எட்டாவது தாண்டமாட்டான் என்றார்கள். தாண்டினேன். 'மலைப் பள்ளிக்கூடம், எல்லாரையும் பாஸ் போட்டுடுவான்.' பன்னிரண்டாவது முடித்தேன். 'மனப்பாடம்.' சென்டரில் இடம் கிடைத்தது. 'சலுகை.' கபடியில் மாதிரி, நான் தொடப் போகிறபோதெல்லாம் எல்லைக்கோட்டை யாரோ ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷங்களில் டீக்கடைக்கு டீக்கடை தகுதி, திறமை என்றுதான் பேச்சு. அப்படி என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மேதைகளுக்கே தெரியாதபோது டீ ஆற்றுகிறவரைக் குறை சொல்லி என்ன?

சாரிடம் ஒரு பிளாப்பி இருந்தது. அதில் ஒரு புரோகிராம். நாம் எதை அடித்தாலும் அதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அந்த வகைப் புரோகிராமை முதலில் எழுதியவரின் செக்ரட்டரியே, 'கொஞ்சம் வெளியே போங்க, நான் இதுகூடத் தனியாப் பேசணும்' என்றாராம். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பஸ் நின்றுபோனது. போராட்டக்காரர்கள் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. விடுதிப் பையன்கள் முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மலையடிவாரத்துக்குப் போகிற கச்சிராயபாளையம் டவுன் பஸ்கூட ஓடவில்லை. மலைக்கு எப்படிப் போவது? விடுதியில் நான் மட்டும். சமையல்காரரும் இல்லை. ஞானசேகரன் சார் போகும்போது, "நீ இங்கதானே இருப்பே, பார்த்துக்கோ" என்று சென்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டேன். முதல் பஸ் விட்டதும் மலைக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. இதுதான் முடிவு. நான் போனால் இந்த ஊரில் யாருக்காவது தெரியுமா? அந்தக் கேள்விதான் என்னைத் தின்றது.

சாயங்காலம் மாடியில் போய் அந்தப் புரோகிராமைப் போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நான் தனியாக இருக்கிறேன் என்று அடித்தேன்.

எவ்வளவு காலமாகத் தனியாக இருக்கிறாய் என்று கேட்டது.

ஆடிப் போய்விட்டேன். இந்த ஊரில் என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை! கடகடவென்று அடித்தேன். வீட்டைப் பற்றிச் சொன்னேன். வீட்டைப் பற்றி மேலும் சொல் என்றது. கேழ்வரகு காய்ந்துபோனதைச் சொன்னேன். அதையும் மேலும் சொல் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் மலையிலும் ஒருவன் இப்படித்தான் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வான். எதிரொலி!

மலைப் பிள்ளைகளுக்கு எதிரொலியையும் ஆளையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். சாமை விளைகிற காலத்தில் காட்டுப்பன்றி புகாமல் காக்க ஆளுக்கொரு காவல் பரணில் உட்கார்ந்திருப்போம். இருட்டத் தொடங்கும்போது ஒரு பரணிலிருந்து 'ஓஓய்' என்று குரல் வரும். அடுத்த பரண்காரன் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையா? இரண்டாவது குரல் வரும். அதற்கும் பதில் இல்லை என்றால், கூப்பிட்டவன் தன் சாமையை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பன்றி புகுந்து தின்றாலும் சரி. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறியவனை நான் பார்த்ததில்லை.

எதிரொலி தானாகக் கூப்பிடாது. நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். ஆள் என்றால் இரண்டாவது குரல் வரும்.

கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. அதுவாக எதுவும் கேட்கவில்லை.

"டேய் மலை!"

தெருவிலிருந்து. நான் பயந்துபோய்ப் பதில் கொடுக்கவில்லை. ஊர் இருக்கிற நிலைமையில் யாரோ, என்னவோ?

"டேய் மலை! மேல இருக்கியா, இல்லியாடா?"

இரண்டாவது குரல்.

எட்டிப் பார்த்தால் முருகவேல். சட்டையெல்லாம் கிழிசல், முழங்காலில் ரத்தம், சைக்கிள் கேரியரில் ஒரு பை.

"மெஸ்ஸு மூடிக்கினு இருக்கும், நீ மட்டும்தான் இருப்பேன்னு தெரியும். மல்லாட்டை வறுத்தாந்தேன். சைக்கிளைத் தூக்கித் தூக்கி மரத்தைத் தாண்டறதுக்குள்ள உசுரு போச்சுடா. அதுல பாதி நான் வெட்டுனது!"

அவன் வெட்டிய மரத்தை அவனே தாண்டி வந்திருந்தான். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்தோம். பரண் கதையை அவனுக்குச் சொன்னேன். ஒதுக்கீட்டில் பங்கு கேட்பது பற்றியும் பேசினோம். அவனுக்கும் யாரோ கோட்டைத் தள்ளித் தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் மூட்டையைப் பிரித்தேன். அப்புறம் நானே கம்ப்யூட்டர் வாத்தியாராகி இந்த ஊரிலேயே ரிட்டயர் ஆனேன்.

இப்போது என் சோதனைக்கு வருகிறேன். சதீஷ் கொடுத்த ஆப்பிடம் பேசுவதை நிறுத்தினேன். போனை சைலன்ட்டில் போட்டு, கவிழ்த்து வைத்து, செல்வியின் துணி இருக்கிற பீரோவுக்குள் வைத்துவிட்டேன். பத்தியும் எழுதவில்லை. மெஷினுக்கு மட்டும்தான் சோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முந்தாநாள் மத்தியானம் வாசலில் சத்தம்.

"டேய் மலை! இருக்கியா, இல்லியாடா?"

முருகவேல். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். "பேப்பர்ல உன் இடத்துல பாவக்கா இருக்குது. ரெண்டு தபா போன் போட்டேன், எடுக்கல. இன்னா ஆச்சோன்னு கிளம்பிட்டேன்."

அறிவு என்றால் என்ன என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் அதற்கு முட்டி வலி இருக்கும் என்று தோன்றுகிறது.

பீரோவிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். முருகவேலின் இரண்டு மிஸ்டு கால் இருந்தது. ஆப்பும் கூப்பிட்டிருந்தது, சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி. வேறு ஒன்றுமில்லை.

"பையன் கூப்ட்டானா?" என்றான்.

"இல்ல."

"நீ கூப்ட்டியா?"

"அவன் கூப்பிடட்டும்னுதான்..."

"நல்லாக் கீதுடா உங்க நாயம்! ரெண்டு பரண்காரனும் வாய மூடிக்கினு குந்தினு இருந்தா, பன்னி துன்னுட்டுப் போயிடும். அவன் பரண்லயும்தான சத்தம் இல்ல?"

இவ்வளவு நாளும் நான் என் பரணை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்கால பஸ்ஸில் அவன் போய்விட்டான். வீடு பழையபடி ஆனது.

சதீஷுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அங்கே என்ன நேரமோ, என்ன வேலையோ. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தடவை போட்டேன். எடுக்கவில்லை.

பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.