சீப்புக்காரரின் தரிசு நிலம்

நிலத்தில் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும், மானியம் வந்துவிடும். அவரால் முடியாமல் போனது அது ஒன்றுதான்.

எல்லோருக்கும் அவர் சீப்புக்காரர். தலை என்னவோ வழுக்கை. பட்டம் வயலால் வந்தது. படிய வாரிய தலைபோல வரிசை பிசகாமல், ஒரு களை இல்லாமல் வைத்திருப்பார். பக்கத்து வயலில் புல் தெரிந்தாலும் வேலிக்கு மேலே கையை நீட்டிப் பிடுங்குவார். "விடுங்கண்ணே, அப்புறம் கூலி கேப்பீங்க" என்பார் பக்கத்து வயல்காரர்.

முழங்கால்கள் தேய்ந்தபின் பயிர் வைக்க முடியவில்லை. வங்கித் தவணை அதற்காக நிற்குமா? நிலத்தை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்த நேரத்தில்தான் அரசாங்கம் தரிசு மானியத்தை அறிவித்தது. மண் தேறவும் பறவைகள் கூடு கட்டவும் நிலத்தை ஓராண்டு அப்படியே விடவேண்டும். உழக்கூடாது, வெட்டக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது. முடிவில் அதிகாரி வந்து பார்த்தபின் பணம் வரும். தவணை கட்டலாம், நிலம் தங்கும்.

"சும்மா இருக்கறதுக்குக் காசாம்!" என்று கடைமுனையில் சிரித்தார்கள். "சீப்புக்காரருக்கா? கையைக் கட்டிப் போட்டாத்தான் உண்டு."

அவர் மனைவி ஏறக்குறைய அதைத்தான் செய்தார். மண்வெட்டியும் அரிவாளும் பரணுக்குப் போயின.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா, பார்த்துட்டு வரேன்."

"பார்க்கப் போறது கண்ணுதானே? கை ஏன் முன்னால போகுது?"

புல் இடுப்பளவு வளர்ந்தது. அவர் அந்த வழியாகப் போவதையே விட்டார்.

ஆண்டு முடியும் தறுவாயில் மனைவி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட தங்கைக்குத் துணையாகப் போயிருந்தார். அப்போதுதான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது: வார முடிவில் அதிகாரி வருகிறார். சீப்புக்காரர் போய் நிலத்தைப் பார்த்தார். ஆள் வருகிற வீட்டைக் கூட்டாமல் விடுவார்களா? உழவில்லை, வெட்டவில்லை. கையால் பிடுங்குவது அவர் கணக்கில் வேலையே இல்லை. முழங்கால் மடங்காததால் பழைய சாக்கின்மேல் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, நிலம் முழுக்கப் பிடுங்கினார். ஓரிடத்தில் கூடும் முட்டைகளும் இருந்தன. அதைச் சுற்றி மட்டும் ஒரு கொத்துப் புல்லை விட்டுவைத்தார்.

அதிகாரி இளம்பெண். வண்டியை விட்டு இறங்கியவர் கையிலிருந்த, முன்பு எடுத்த நிலத்தின் படத்தையும் எதிரே இருந்த நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இது உங்க நிலம்தானா?"

"என்னுதுதாம்மா. தேடிப் பாருங்க, ஒரு களை கிடைக்காது."

அதிகாரி அந்தப் புல்கொத்தருகே போய்க் குனிந்து முட்டையைத் தொட்டார்.

"அதைத் தொடலம்மா. குஞ்சு பொரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"முட்டை சில்லுனு இருக்குங்கய்யா. சுத்தி மறைவு இல்லேன்னா தாய்ப்பறவை வராது." நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "யாருங்கய்யா உங்களைப் பிடுங்கச் சொன்னது?"

"நீங்க வர்றீங்கன்னுதான்..."

மானியம் வரவில்லை. மனைவி திரும்பி வந்து நிலத்தைப் பார்த்தார், பிறகு நகக்கண்ணில் மண் ஏறிய அவர் கைகளைப் பார்த்தார். வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டார்.

"திட்டவாவது செய்யேன்."

"திட்டினா புல்லு முளைச்சிடுமா?"

நிலத்தைப் பக்கத்து வயல்காரரே வாங்கினார். வாங்கிய கையோடு அதே திட்டத்தில் சேர்த்தார். எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, மானியம் ஒழுங்காக வருகிறது. புல்லுக்குள் குருவிகள் எந்நேரமும் கத்துகின்றன.

வைத்தியரிடம் போக சீப்புக்காரருக்கும் மனைவிக்கும் அந்த நிலத்தை ஒட்டிய சாலைதான் வழி. போன வாரம் வேலியைத் தாண்டி ஒரு களை சாலைப்பக்கம் தலை நீட்டியிருந்தது. அவர் நின்றார். கை தானாக அதன் தூரைப் பிடித்தது.

"விடுங்க" என்றார் மனைவி. "நம்மது இல்ல."

விரல்களைப் பிரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மனைவி அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார்.